ஒரு பக்கத்தில் சொல்லுங்கள்

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கிழக்கு தில்லியில் எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர் ஒருவர் துணிப்பையும் கையுமாக வந்தார். ஊரிலிருந்து முருங்கைக்காய் வந்திருக்கும் போல என்று என் மனைவி ஆவலோடு எட்டிப் பார்த்தாள். பையிலிருந்து வெளியே வந்தது 640 பக்கக் காகிதக் கட்டு. இந்திய ரயில்வே பாலங்களின் வரலாறு, ஆங்கிலத்தில். பத்து வருட உழைப்பு.

"பதினாலு ஏஜெண்டுக்கு எழுதிட்டேன். லண்டன்ல எட்டு, நியூயார்க்ல நாலு, நம்ம நாட்டுல ரெண்டு. பத்து பேர் மூச்சே விடலை. மூணு பேர், எங்க பட்டியலுக்குப் பொருந்தாதுன்னு ரெண்டு வரி போட்டாங்க. ஒருத்தர் மட்டும் பிரமாதம்னு பாராட்டியிருக்கார்."

பாராட்டியவர் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு சின்ன விண்ணப்பம் வைத்திருந்தார். எடிட்டிங் செலவுக்காக இரண்டு லட்சம் ரூபாய் அனுப்பவேண்டும். அனுப்பலாமா என்று கேட்கத்தான் நண்பர் வந்திருந்தார்.

அனுப்பாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. மற்ற பதிமூன்று பேர் ஏன் அசையவில்லை என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இருவருக்கும் இரண்டு மாதம் பிடித்தது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஏஜெண்ட் என்ற ஆசாமியே பழக்கமில்லை. கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு நேரே பதிப்பகத்துக்குப் போவோம். அவர் மறுத்தால் இன்னொருவர். அவரும் மறுத்தால் சொந்தச் செலவில் அச்சடித்து, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் கொடுத்து முடிப்போம். லண்டனிலும் நியூயார்க்கிலும் கதை வேறு. அங்கே பெரிய பதிப்பகங்களில் பெரும்பாலானவை முன்பின் தெரியாதவர் அனுப்பும் பிரதியைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஏஜெண்ட் வழியாக வரவேண்டும். அவர்தான் பிரதியைப் படித்து, பிடித்தால் ஏற்றுக்கொண்டு, எந்தப் பதிப்பகத்தில் எந்த ஆசிரியருக்கு இது பிடிக்கும் என்று யோசித்து அனுப்புவார். விலை பேசுவார், ஒப்பந்தத்தின் பொடி எழுத்துக்களைப் படிப்பார், மொழிபெயர்ப்பு உரிமை, திரைப்பட உரிமையைத் தனித்தனியே விற்பார்.

புதிய தொழில் ஒன்றும் இல்லை இது. 1870களில் லண்டனில் ஏ.பி. வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதைத் தொழிலாக்கினார். ஹார்டி, கிப்ளிங், கானன் டாயில் எல்லோரும் அவருடைய வாடிக்கையாளர்கள். கமிஷன் பத்து சதவீதம். பதிப்பாளர்களுக்கு அவரைக் கண்டால் ஆகவில்லை. வில்லியம் ஹைன்மான் என்ற பதிப்பாளர் 1893ல் ஏஜெண்டுகளை ஒட்டுண்ணிகள் என்றே எழுதினார். எழுத்தாளருக்கு விலை கேட்கத் தெரிந்துவிடுகிறதே என்ற கவலைதான். இன்று உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதமும் வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20 சதவீதமும் பொதுவான கணக்கு. இந்தியாவிலும் ஏஜெண்டுகள் உண்டு. பெங்களூரில் ஜகரண்டா 1997லும் ஜெய்ப்பூரில் சியாஹி 2007லும் தொடங்கப்பட்டன. ஆனால் இங்கே ஆங்கிலப் பதிப்பகங்கள் சில நேரடியாக வருவதையும் வாங்கிப் பார்க்கின்றன என்பது நமக்குச் சாதகமான சங்கதி.

நண்பரிடம் நான் முதலில் விளக்கியது இந்தக் கமிஷன் விஷயத்தைத்தான். ஒரு பதிப்பகம் உங்களுக்கு ஐந்து லட்சம் அட்வான்ஸ் தருகிறது என்று வையுங்கள். பதினைந்து சதவீதம் என்றால் ஏஜெண்டுக்கு 75 ஆயிரம், உங்களுக்கு 4 லட்சத்து 25 ஆயிரம். புத்தகம் விற்காவிட்டால் அவருக்கும் பூஜ்யம்தான். பணம் எப்போதும் பதிப்பகத்திலிருந்து எழுத்தாளரை நோக்கித்தான் வரவேண்டும். வழியில் ஏஜெண்ட் தன் பங்கை எடுத்துக்கொள்வார். எழுத்தாளரின் பாக்கெட்டிலிருந்து மேல்நோக்கிப் போனால் அது வேறு தொழில். பிரதியைப் படிக்கக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது அமெரிக்க ஏஜெண்டுகள் சங்கத்தின் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. ஓய்வூதியக்காரர்களின் கையில் கொஞ்சம் சேமிப்பும் ஒரு கையெழுத்துப் பிரதியும் சேர்ந்து இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது போலும்.

அந்த ஐந்து லட்சமும் ஒரே நாளில் வராது. கையெழுத்திட்டதும் ஒரு பங்கு, பிரதி கொடுத்ததும் ஒரு பங்கு, புத்தகம் வெளிவந்ததும் ஒரு பங்கு. 500 ரூபாய் புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 50 ரூபாய். பத்தாயிரம் பிரதி விற்ற பிறகுதான் அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாய் வரும். பத்தாயிரம் என்றதும் நண்பர் முகம் கொஞ்சம் வாடியது.

பிறகு, அவர் ஏஜெண்டுகளுக்கு அனுப்பிய கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். மேற்படி பொருள் குறித்துத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன் என்கிற தோரணையில், கோட்ட மேலாளருக்கு எழுதிய அறிக்கை போல இருந்தது. மூன்று பக்கம். கூடவே 640 பக்கமும் இணைப்பு. வகித்த பதவிகள் பன்னிரண்டும் வரிசையாக இருந்தன. புத்தகம் எதைப் பற்றி என்பது மூன்றாம் பக்கத்தின் நடுவில் வந்தது.

"முழுசா அனுப்பினாத்தானே மதிப்பு தெரியும்? அருந்ததி ராய் முழுசாத்தானே அனுப்பினாங்க?" என்றார்.

இந்தக் கதை தில்லியில் எழுத ஆசைப்படும் எல்லோருக்கும் தெரியும். 1996ல் அவருடைய நாவலின் பிரதி டேவிட் காட்வின் என்ற லண்டன் ஏஜெண்டுக்குப் போனது. படித்துவிட்டு மனிதர் விமானம் ஏறி தில்லிக்கே வந்துவிட்டார். 1997ல் புத்தகம், அதே வருடம் புக்கர் பரிசு. உண்மைதான். ஆனால் அது நாவல். நாவலை முழுதாக எழுதி முடித்துத்தான் காட்டவேண்டும். கதை நன்றாக இருக்கும் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? சுயசரிதையையும் பெரும்பாலும் அப்படித்தான் நடத்துகிறார்கள். வரலாறு, விஞ்ஞானம், அரசியல் போன்ற புனைகதை அல்லாத நூல்களுக்கு வழக்கம் தலைகீழ். அங்கே புத்தகம் எழுதப்படுவதற்கு முன்பே விற்கப்படுகிறது. எழுத்தாளர் கொடுப்பது ஒரு திட்ட அறிக்கை. ப்ரபோசல் என்பார்கள்.

முதலில் ஏஜெண்டுக்கு ஒரு பக்கக் கடிதம். அவர் ஆர்வம் காட்டினால் ப்ரபோசல். அமெரிக்காவில் இது முப்பது, நாற்பது பக்கம்கூடப் போகும். புத்தகம் என்ன சொல்கிறது என்பதன் சுருக்கம், எழுத வந்தவர் யார், யார் வாங்குவார்கள், இதே அலமாரியில் ஏற்கெனவே என்னென்ன புத்தகங்கள் இருக்கின்றன, அத்தியாயம் அத்தியாயமாக என்ன வரும், மாதிரிக்கு ஒன்றிரண்டு அத்தியாயங்கள். இவ்வளவையும் சுருக்கினால் மூன்று கேள்விகள் மிஞ்சும். இந்தப் புத்தகம் ஏன்? இப்போது ஏன்? இதை எழுத நீங்கள் ஏன்?

ரயில்வேக்காரருக்கு டெண்டர் தெரியும். எனவே அமைப்பை உடனே புரிந்துகொண்டார். பதில்கள்தான் சிக்கின.

"இதை யார் சார் படிப்பாங்க?" என்றேன்.

"எல்லாரும் படிக்கலாம். ரயில்ல போகாதவன் யாரு?"

எல்லோருக்கும் என்று எழுதினால் ஏஜெண்ட் யாருக்கும் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். ரயிலில் போகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டும்போது அவர்கள் காசு வீசுவார்கள். பாலத்தைப் பற்றி 640 பக்கம் படிப்பார்களா?

"இதே மாதிரி வேற புத்தகம் இருக்கா?"

"கிடையவே கிடையாது. நான்தான் முதல்" என்றார் பெருமையோடு.

இதுவும் தவறான பதில். போட்டியே இல்லை என்றால் வாசகரும் இல்லையோ என்ற சந்தேகம் வரும். தவிர, அது உண்மையும் அல்ல. ஆங்கிலேயர் காலத்து ரயில்பாதைகளைக் கட்டியவர்களைப் பற்றி இயன் கெர் 1995ல் எழுதியிருக்கிறார். கிறிஸ்டியன் வோல்மர் 2017ல் இந்திய ரயில்வே வரலாற்றைப் பொது வாசகருக்காக எழுதினார். ஈ. ஸ்ரீதரனின் வாழ்க்கை வரலாறு மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. இந்தப் புத்தகங்களுக்கு வாசகர்கள் கிடைத்தார்கள், ஆனால் இவற்றில் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று சொல்லத் தெரியவேண்டும். அது என்ன என்று நண்பரால் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின.

நாலாவது ஞாயிறு நான் அவருக்கு சித்தார்த்த முகர்ஜியின் கதையைச் சொன்னேன். தில்லியில் பிறந்து அமெரிக்காவில் புற்றுநோய் மருத்துவரானவர். பாஸ்டனில் பயிற்சி மருத்துவராக இருந்த நாட்களைப் பற்றிக் குறிப்புகள் எழுதி வந்தார். ஒரு பெண் நோயாளி, சிகிச்சையைத் தொடரத் தயார், ஆனால் நான் எதை எதிர்த்துப் போராடுகிறேன் என்று எனக்குத் தெரியவேண்டும் என்ற பொருளில் கேட்டாராம். பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் புற்றுநோயின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதாக முகர்ஜி சொல்லியிருக்கிறார். 2010ல் வெளிவந்து, 2011ல் புலிட்சர் பரிசு பெற்றது. புற்றுநோய் என்பது ஒரு தலைப்பு. அந்தப் பெண் கேட்டது ஒரு கேள்வி. தலைப்பு வைத்துக்கொண்டு என்சைக்ளோபீடியா எழுதலாம். ஐந்நூறு பக்கத்துக்கு மேல் ஒருவரை உட்கார்ந்து படிக்கவைக்க ஒரு கேள்வி வேண்டும்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாம்பன்ல ஒரு கேள்வி உண்டு" என்றார்.

1964 டிசம்பர் 22 இரவு. புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூற்றுக்கும் அதிகமானவர்கள் அதில் இருந்தார்கள். 1914ல் திறந்த பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. நடுவிலிருந்த தூக்குப் பாலம் மட்டும் தப்பியது. சரிசெய்ய முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பு ஸ்ரீதரனிடம் வந்தது. வயது 32. விழுந்த கர்டர்கள் கடலடியில் எங்கே கிடக்கின்றன என்று மீனவர்கள் தகவல் சொல்ல, அவற்றையே தூக்கியெடுத்துப் பொருத்தினார்கள். 46 நாளில் பாலம் தயார்.

"46 நாள்ல எப்படி முடிஞ்சுதுன்னு எல்லாரும் ஸ்ரீதரன் சாரைக் கேட்டாங்க. கர்டரைத் தூக்கினவங்களை யாரும் கேக்கலை" என்றார்.

"உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?"

"எங்கப்பா மண்டபத்துல கேங்மேன். எனக்கு அப்போ பதினோரு வயசு. அந்த 46 நாள்ல அவர் வீட்டுக்கு வந்தது மூணு தடவை. மூணாவது தடவை வந்தப்போ உள்ளங்கை ரெண்டும் கிழிஞ்சிருந்தது. அம்மா சோறு ஊட்டிவிட்டாங்க."

640 பக்கத்தைப் புரட்டினேன். பாம்பனுக்கு நாலு பக்கம். கர்டரின் எடை, தூண்களின் இடைவெளி, எல்லாம் இருந்தன. அப்பா ஒரு வரியில்கூட இல்லை.

"அது சொந்த விஷயம். டெக்னிக்கல் புத்தகத்துல எதுக்குன்னு விட்டுட்டேன்."

இதை எழுத நீங்கள் ஏன் என்ற கேள்விக்கு அவர் பன்னிரண்டு பதவிகளை வரிசையாக எழுதியிருந்தார். அந்தப் பதவிகள் வேண்டியதுதான். கர்டரைப் பற்றி எழுதுகிறவருக்குக் கர்டர் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் பதவி வகித்தவர்கள் ஆயிரம் பேர். அந்த உள்ளங்கையைப் பார்த்தவர், பிறகு அதே ரயில்வேயில் பாலப் பொறியாளராகவும் ஆனவர், எத்தனை பேர் இருக்க முடியும்?

இப்போது ஏன் என்பதற்கும் பதில் தானாகவே வந்தது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. பக்கத்திலேயே செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1964ல் கயிறு பிடித்தவர்களில் மிஞ்சியவர்களுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஐந்து வருடம் கழித்து இந்தப் புத்தகத்தை எழுத முடியாது.

அன்று ராத்திரியே உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை எழுதினார். முதல் வரியில் அப்பாவின் கை இருந்தது. மீதிப் பக்கத்தில் கேள்வி, மூன்று ஒப்பீட்டுப் புத்தகங்கள், தன்னைப் பற்றி மூன்று வரி, எத்தனை சொற்களில் எப்போது முடிப்பார் என்ற விவரம். அவ்வளவுதான். 640 பக்கம் போய், எழுதப்படாத 250 பக்கப் புத்தகம் ஒன்று வந்தது. "பத்து வருஷம் வீணா?" என்று ஒருமுறை கேட்டார். இல்லை, அது அஸ்திவாரம், தண்ணீருக்கு அடியில் இருக்கும் என்றேன். பாலக்காரருக்குப் புரிந்தது.

இந்த வழிமுறையில் எனக்கும் சில மனத்தாங்கல்கள் உண்டு. ஏஜெண்டுகள் இப்போது எழுத்தாளருக்கு ஒரு மேடை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பத்திரிகையில் எழுதுகிறாரா, தொலைக்காட்சியில் வருகிறாரா, இணையத்தில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள். மண்டபத்தில் பிறந்து தமிழ்வழியில் படித்தவருக்கு இந்த மேடை எங்கிருந்து வரும்? தில்லியிலும் மும்பையிலும் ஆங்கிலம் பேசும் வட்டத்துக்குள் பிறந்தவர்களுக்கு அது பாதி வாய்த்துவிடுகிறது. ஒரு பக்கத்தில் கவர்ச்சியாகச் சொல்ல முடியாத நல்ல புத்தகங்களும் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆகவே ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருக்கவேண்டாம். சுதந்திர இந்தியாவைப் பற்றிய நூல்களுக்கு நியூ இந்தியா ஃபவுண்டேஷன் உதவித்தொகை தருகிறது. அதற்கும் இதே போன்ற ப்ரபோசல்தான் கேட்கிறார்கள். தமிழ் உள்ளிட்ட மொழிகளிலிருந்து கட்டுரை நூல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர 2021ல் தனி உதவித்தொகையும் அறிவித்தார்கள். தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம். முதலில் ஆங்கிலம் என்று சட்டமில்லை.

எழுதுமுன்பே, அச்சாகுமுன்பே புத்தகத்தைச் சொல்லி விற்பது வெள்ளைக்காரன் வழக்கம் என்று யாராவது சொன்னால் உ.வே. சாமிநாதையரை நினைத்துக்கொள்ளுங்கள். 1880ல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு கேள்விதான். அதிலிருந்து தொடங்கி, ஏட்டுச் சுவடிகளைத் தேடி, 1887ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அச்சுச் செலவுக்கு என்ன செய்தார்? வீடு வீடாகப் போய், இன்ன புத்தகம் வரப்போகிறது என்று விளக்கி, முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். என்ன புத்தகம், எதற்காக, நீர் ஏன் என்று அவரையும் கேட்டிருப்பார்கள். பதில் வைத்திருந்தபடியால் நமக்குச் சிந்தாமணி கிடைத்தது.

நண்பர் இந்த முறை ஆறு பேருக்குத்தான் அனுப்பினார். ஒவ்வொருவரும் எந்த மாதிரிப் புத்தகங்களை விற்றிருக்கிறார்கள் என்று பார்த்து, ஆறு தனித்தனிக் கடிதங்கள். நாலு பேரிடமிருந்து இன்றுவரை சத்தமில்லை. ஒருவர் மறுத்தார், ஆனால் ஏன் என்று ஐந்து வரி எழுதினார். ஒருவர் மாதிரி அத்தியாயம் கேட்டிருக்கிறார். கேட்டதால் ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்று நண்பருக்குத் தெரியும்.

அத்தியாயத்தை எழுதுவதற்காக அவர் இப்போது மண்டபத்தில் இருக்கிறார். முந்தாநாள் இரவு போன் செய்தார். கர்டர் கிடந்த இடத்தைக் காட்டிய படகில் இருந்ததாகச் சொல்லும் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்துவிட்டாராம். 88 வயது.

"என்ன சொன்னார்?"

"காது கேக்கலை. பேத்தி சாயங்காலம் காலேஜ்லேருந்து வந்ததும் அவ கத்திச் சொன்னா புரியுமாம். நாளைக்கு மறுபடியும் போறேன்."